ஓசெல்லாவின் தாழ்ப்பாள்

மிசிசிப்பி டெல்டாவில் இருக்கும் எங்கள் டன்லீ ஊருக்கு வெளியாட்கள் இரண்டு காரியத்துக்காகத்தான் வருவார்கள். ஒன்று, கெளுத்தி மீன். இன்னொன்று, ஓசெல்லா ப்ரூவிட் எப்பேர்ப்பட்ட கொடுமைக்காரி என்று ஒரு முறை நேரில் பார்த்துவிட்டுப் போக. மீனையாவது வறுத்துத் தின்னலாம். ஓசெல்லாவைப் பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்பினார்கள். குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் ஒரு எழுபது வயதுப் பெண்மணியைக் கொடுமைக்காரி என்று ஊருக்குத் திரும்பிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அவள் செய்த குற்றம் இதுதான். மழை கொட்டுகிற ராத்திரியில் கட்டின புருஷனை வெளியே நிறுத்திக் கதவைத் தாழ்போட்டாள். இதற்குச் சாட்சி யார் என்றால், அந்தப் புருஷன்தான். நீதிபதியும் அவன்தான். பெயர் லூசியஸ் கேடிஸ். உலகத்துக்கு அவன் டீக்கன் கேடிஸ். டீக்கன் என்றால் சபை மூப்பர். சபையிலிருந்து அந்த மனுஷன் எடுத்துக்கொண்ட ஒரே பொருள் ஒரு மர நாற்காலி, அதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதில் உட்கார்ந்து ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டுப் பாடுவான் என்பதால் ஊரில் கிண்டலாக வைத்த பெயர் அது. சிகாகோக்காரர்கள் நிஜமான பட்டம் என்று நம்பி இசைத்தட்டில் அச்சடித்துவிட்டார்கள்.

ஓசெல்லாவுக்கு அப்போது பதினெட்டு வயது. மவுண்ட் நீபோ பாப்டிஸ்ட் சபையில் பாடகர் குழுவில் நின்று பாடுவாள், வாரம் முழுக்கப் பருத்தி பறிப்பாள். லூசியஸும் பருத்தி பறித்தான் என்று சொல்லலாம், பார்க்கிறவர்கள் பார்க்கும்போது. கல்யாணம் ஆன மறு வருஷம், சிகாகோவில் யாரோ பாட்டுப் பதிவு செய்கிறார்களாம், போய்விட்டு உடனே வந்துவிடுகிறேன் என்று கிடாரைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினான். அவன் வரவில்லை. பாட்டு வந்தது.

கடையில் மாவு வாங்கப் போன இடத்தில் அதை அவள் முதன்முதலாகக் கேட்டாள். மூலையில் இருந்த பாட்டுப் பெட்டியிலிருந்து லூசியஸ் அழுதுகொண்டிருந்தான்.

கதவைத் தாழ்போட்டாள் ஓசெல்லா, வெளியே கொட்டுது மழை,
கதவைத் தாழ்போட்டாள் ஓசெல்லா, வெளியே கொட்டுது மழை,
நாய்க்கும் ஒரு மூலை உண்டு, எனக்கு இல்லை ஒரு நிழல்.

கடைக்காரர் மாவை அளந்துகொண்டே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்த பார்வை. பிறகு அவள் மீன் ஆலையில் கத்தி பிடித்து வேலை பார்த்த காலம் முழுக்க, பக்கத்தில் நின்று மீன் அறுக்கிற பெண்கள் அந்த மெட்டை முனகுவார்கள். அவள் திரும்பினால் மீனைப் பார்ப்பார்கள். டயர் பஞ்சர் ஒட்டுகிற ஹோமர் ப்ரூவிட்டை இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டபோது, மாப்பிள்ளைக்குக் குடையும் தார்ப்பாயும் பரிசாகக் கொடுத்த புத்திசாலிகள் எங்கள் ஊரில் உண்டு. ஹோமர் நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார். குடையைக் கடைசிவரை உபயோகித்தார்.

புது வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் போட ஹோமர் ஆணியும் சுத்தியலுமாக நின்றபோது ஓசெல்லா வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஏம்மா, திருடன் வந்தா?"

"வந்துட்டுப் போகட்டும். தாழ்ப்பாள் சத்தம் கேட்டா தெருவுல போறவன் பாட ஆரம்பிச்சுடுவான்."

அதனால்தான் எங்கள் ஊரில் ராத்திரி கதவைத் தாழ்போடாத ஒரே வீடு அவளுடையதாக இருக்கிறது. 

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதது ஒன்று நடந்தது. ஹோமரின் அடக்க ஆராதனையில் பாஸ்டர் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்துக்கொண்டு வந்தார். 'இவரது அன்பு மனைவி ஓசெல்லா' என்று வந்த இடத்தில், பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தவன் உடனே இருமினான். ஆனால் சிரிப்பு சிரிப்புதான். பெட்டிக்குள் ஹோமர் படுத்திருக்க, வெள்ளைக் கையுறையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓசெல்லாவுக்கு அப்போது வந்த அழுகை ஹோமருக்காக மட்டும் வந்தது இல்லை. தன் அடக்கத்தில் தன் பெயரை வாசிக்கும்போது ஒருத்தரும் சிரிக்கக் கூடாது என்பது மட்டும்தான் அதற்குப் பிறகு அவளுடைய ஆசை. 

நல்ல வேளையாக டீக்கன் கேடிஸ் சிகாகோவில் செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, இசைத்தட்டுகளும் கீறல் விழுந்துவிட்டன, இளசுகள் வேறு பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டு தானாகச் சாகும், அதற்குப் பிறகு நாமும் நிம்மதியாகச் சாகலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்த நேரத்தில்தான் இங்கிலாந்திலிருந்து ரெக்ஸ் ஹாலோவே வந்து இறங்கினார்.

ரெக்ஸ் ஹாலோவே பெரிய ராக் பாடகர். ஐம்பது வயதுக்கு மேல், ஆகஸ்ட் வெயிலில் தோல் கால்சட்டை. சின்ன வயதில் மழை பெய்கிற ஒரு ஊரில் டீக்கனின் இசைத்தட்டைக் கேட்டுத் தன் ஆத்மா விழித்துக்கொண்டது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த நன்றிக்கடனுக்காக டீக்கனின் பாட்டுகளை மட்டும் பாடி ஒரு அஞ்சலி ஆல்பம் வெளியிடப் போகிறார். அதையும் லண்டனில் பாடாமல், டீக்கன் வாழ்ந்த அதே மண்ணில், அதே வீட்டில் பாடப் போகிறார். வந்த முதல் நாளே ரயில் பாதை ஓரத்தில் மண்டியிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டார். பூச்சிமருந்து அடித்து இரண்டு நாள்கூட ஆகாத மண். யாரும் சொல்லவில்லை, மனுஷன் உருகிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது?

அதே வீடு என்று சொன்னேன் அல்லவா. அந்த வீடு வெள்ளத்தில் போய்ப் பல காலம் ஆகிறது. ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து சுற்றுலாக்காரர்களுக்காக அதே இடத்தில் அதே மாதிரி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதே மாதிரி என்றால், வீடு எப்படி இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லாததால் பாட்டைப் பார்த்துக் கட்டினார்கள். ஓக் மரக் கதவு, அதில் சிறைச்சாலைக்குப் போடுகிற அளவுக்கு ஒரு இரும்புத் தாழ்ப்பாள். வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் குடித்தனம் நடத்தினவள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். அவளைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ரெக்ஸ் அவளிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தார். ஓசெல்லா அவரைச் சமையலறையில் உட்காரவைத்து இனிப்புத் தேநீர் கொடுத்தாள். கூடவே அவளுடைய தோழி வெர்டீ மேயும் இருந்தாள். சபையில் இருவரும் மூத்த பெண்களுக்கான தாய்மார் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள்.

"மிஸ் ஓசெல்லா, அந்தப் பாட்டை எழுதுறப்ப டீக்கன் மனசுல என்னங்க இருந்துச்சு?" என்று ரெக்ஸ் கேட்டார்.

"மனசுல என்ன இருந்துச்சோ. வயித்துல ஒண்ணும் இருந்திருக்காது."

ரெக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். அதில் ஏதோ பெரிய தத்துவம் இருப்பதாக அவருக்குப் பட்டது.

"தம்பி, ஒரே ஒரு உதவி," என்றாள் ஓசெல்லா. "பாட்டைப் பாடுங்க, வேண்டாம்னு சொல்லல. அதுல என் பேரை மட்டும் எடுத்துடுங்க. கண்ணேன்னு போடுங்க, பொண்ணேன்னு போடுங்க, எவளோ ஒருத்தின்னு போடுங்க."

ரெக்ஸ் நெஞ்சில் கை வைத்தார். "வேற எது கேட்டாலும் செய்றேன். இது மட்டும் முடியாதுங்க. எனக்கு அது வேதம் மாதிரி. டீக்கனோட ஒரு எழுத்தைக்கூட நான் தொட மாட்டேன்."

வேதத்தில் வேகத்தை மாற்றியிருந்தார், சுருதியை மாற்றியிருந்தார், நடுவில் ஒரு நிமிஷம் திபெத்திய மணியோசையும் சேர்த்திருந்தார். தொடக்கூடாத புனிதம் ஓசெல்லாவின் பெயரில் மட்டும்தான் இருந்தது. 

அவர் போன பிறகு வெர்டீ மே தேநீர்க் குவளையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "இப்ப என்னடி பண்ணப் போற?"

"பாடுற இடத்துக்குப் போறேன். என்னைக் கூப்பிட்டிருக்கான்ல. அவனுக்கு எதிர்ல உக்காருவேன். என் மூஞ்சியப் பாத்துட்டு அந்தப் பேரைப் பாடட்டும், பாப்போம்."

"பாடிட்டான்னா?"

"மனுஷனாப் பொறந்தவன் பாட மாட்டான்டி."

நல்ல யோசனைதான். ரெக்ஸ் ஹாலோவே கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார் என்பது அவளுக்குத் தெரியாது.

பாட்டுப் பதிவு ஒரு புதன்கிழமை நடந்தது. பொய் வீட்டுக்குள் ஒயர்களும் ஒலிவாங்கிகளும் கோழி குடலைக் கொட்டினது மாதிரி கிடந்தன. சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். ஓசெல்லாவும் வெர்டீ மேயும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு கதவோரம் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து, அடக்கக் கம்பெனிக்காரன் சபைக்கு இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறியால் விசிறிக்கொண்டார்கள். ஒலிப்பதிவாளர் நீல் வந்து, விசிறிச் சத்தமும் கேட்கிறது என்று கும்பிடாத குறையாகச் சொன்னான். விசிறியை மடியில் வைத்தார்கள். ஓசெல்லாவின் தோளுக்குப் பக்கத்தில் அந்த இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. அதை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, ப்ளூஸ் பாட்டில் ஒரு வரி பாடினதும் குரல் நின்றுவிடும். அந்த இடைவெளியில் கிடார் பதில் சொல்லும். டீக்கன் பாடும்போது பொய் சொல்வது வாய், ஒத்து ஊதுவது கிடார். ரெக்ஸ் அந்தப் பதிலைத் தன் கையால் வாசிக்கத் தனக்குத் தகுதி இல்லை என்று முடிவு செய்திருந்தார். அந்த இடங்களை அமைதியாக விடுவதுதான் மேதைக்குச் செய்யும் மரியாதையாம். 

இரண்டாவது, எங்கள் சபையில் அமைதி மரியாதை கிடையாது. பாஸ்டர் ஒரு வாக்கியம் சொல்லி மூச்சு வாங்கினால், அந்த இடத்தைச் சபை நிரப்பியாக வேண்டும். ஆமென் என்றோ, நெசத்தைச் சொல்லுங்க பாஸ்டர் என்றோ யாராவது குரல் கொடுக்காவிட்டால் பிரசங்கம் செத்துவிட்டது என்று அர்த்தம். அந்த வேலைக்கென்றே முன்வரிசையில் தாய்மார் உட்காருகிறார்கள். ஓசெல்லா அந்த வரிசைக்குத் தலைவி. எதிரில் ஒருவர் நின்று உருக்கமாக ஒரு வரி சொல்லி நிறுத்தினால் அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொள்ளும்.

ரெக்ஸ் கண்ணை மூடினார். பாடினார்.

கதவைத் தாழ்போட்டாள் ஓசெல்லா, வெளியே கொட்டுது மழை...

நிறுத்தினார். வீடு முழுக்க அமைதி.

"ம்ஹூம்," என்றாள் ஓசெல்லா.

நீல் தலையை நிமிர்த்தினான். ரெக்ஸுக்குக் காதில் ஹெட்ஃபோன், கண் மூடியிருக்கிறது, ஆத்மா எங்கேயோ இருக்கிறது. இரண்டாம் முறையும் அதே வரியைப் பாடி நிறுத்தினார்.

"இல்லப்பா, இல்ல," என்றாள் ஓசெல்லா.

"நெசத்தைச் சொல்லு சிஸ்டர்," என்றாள் வெர்டீ மே. இவளுக்கும் அதே வியாதி.

அடுத்த அடியில் காப்பி வந்தது. ஓசெல்லா கொடுத்த காப்பி ஆற்றுத் தண்ணீரைவிடக் கசந்தது என்று டீக்கன் அங்கலாய்த்திருந்தான்.

"நம்ம வீட்ல காப்பித்தூள் என்னைக்கு இருந்துச்சு லூசியஸ்?"

அதற்கடுத்த அடியில், ஊர் ஊராய் நின்று அழைத்தேன், அவள் வரவே இல்லை என்று வந்தது.

"எந்த ஊருன்னு ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருந்தா வந்திருப்பேன்ல."

இப்போது ரெக்ஸ் கண்ணைத் திறந்துவிட்டார். ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. மனுஷனிடம் ஆயிரம் பைத்தியக்காரத்தனம் இருக்கலாம், பாட்டு உயிரோடு இருக்கிறதா செத்துப்போயிற்றா என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஓசெல்லாவைப் பார்த்துக்கொண்டே முதல் அடியைத் திரும்பப் பாடினார். குரலில் இருந்த தேன் எல்லாம் எங்கேயோ வடிந்துபோயிருந்தது. பயந்துபோய்க் கேள்வி கேட்கிறவர் மாதிரி பாடினார்.

கதவைத் தாழ்போட்டாள் ஓசெல்லா...

ஓசெல்லா எழுந்து நின்றாள். ரெக்ஸை அவள் பார்க்கவில்லை. அந்த ஓக் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினாள், சத்தம் போடாமல், பக்கத்தில் இருக்கிறவனிடம் பேசுவதைப் போல.

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது லூசியஸ். ஒரு கயிறுதான் இருந்துச்சு. நீதான் கட்டின. வெளியேருந்து இழுத்தாலும் அவுந்துடும். மழை பேஞ்ச ராத்திரியெல்லாம் நான் முழிச்சுத்தான் கெடந்தேன், அடுப்பு மேல உனக்குத் தட்டு மூடி வெச்சிருந்தேன். நீ தட்டக்கூட வேண்டாம். தள்ளியிருந்தாப் போதும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. வெர்டீ மே அவளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத் தோழி, அவளுக்கே இது தெரியாது. நீல் இயந்திரத்தை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தான். ஓசெல்லாவுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. சபைக்காரர்கள் பேய்ப் பாட்டு என்று ஒதுக்குகிற ப்ளூஸுக்கு நடுவில் சபையில் பேசுகிற மாதிரிப் பேசிவிட்டோமே, அதுவும் வெளியூர்க்காரன் முன்னால் மனசைக் கொட்டிவிட்டோமே என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "மன்னிச்சுக்கங்க தம்பி, பழக்க தோஷம்," என்று சொல்லிவிட்டு வெர்டீ மேயை இழுத்துக்கொண்டு நடந்தாள். 

மறுநாள் ரெக்ஸ் அதே சமையலறைக்கு வந்தார். தோல் கால்சட்டை போய்ச் சாதாரணக் கால்சட்டை வந்திருந்தது. கையில் ஒரு கருவி. நேற்றுப் பதிவானதைப் போட்டுக் காட்டினார். திபெத்திய மணியைக் காணோம். அவருடைய குரல், நடுநடுவே அவளுடைய குரல், வேறொன்றும் இல்லை. கேட்கக் கேட்க ஓசெல்லாவின் முகம் இறுகியது. சுருட்டிவைத்த துணியை ஊரார் முன்னால் விரித்துப் போட்டது மாதிரி இருந்தது அவளுக்கு.

"இது உங்க குரல். நீங்க சம்மதிச்சாத்தான் வெளியிடுவேன்," என்றார் ரெக்ஸ். "இன்னொண்ணு. அன்னிக்கு நீங்க கேட்டதை நான் செய்யாதது தப்புங்க. பேரை எடுத்துடுறேன். உங்க பேரு வர்ற இடத்துலல்லாம் வேற வார்த்தை போட்டுத் திரும்பப் பாடிடுறேன். உங்க பதில்லயும் உங்க பேரு எங்கேயும் வரல. எவளோ ஒருத்தின்னு நெனச்சுக்குவாங்க. நீங்க நிம்மதியா இருக்கலாம்."

வேதத்தைத் திருத்த அவர் தயாராகிவிட்டார். ஓசெல்லா வாழ்க்கையில் கேட்ட ஒரே உதவி மேஜை மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வெர்டீ மே அவளை முழங்கையால் இடித்தாள், சரின்னு சொல்லுடி என்பதற்கு அடையாளமாக.

ஓசெல்லா எழுந்து அடுப்பில் இருந்த பீன்ஸைக் கிளறினாள். உப்புப் பார்த்தாள். இன்னொரு முறை கிளறினாள். பிறகு சொன்னாள்.

"வேண்டாம் தம்பி. பேரு இருக்கட்டும்."

ரெக்ஸுக்குப் புரியவில்லை. "நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"அப்ப அவன் மட்டும்தானே பேசிக்கிட்டிருந்தான். இப்ப நானும் பேசியிருக்கேன்ல. பேரை எடுத்துட்டா, பதில் சொல்றது யாருன்னு எப்படித் தெரியும்? எவளோ ஒருத்தியா இருக்கத்தான் இவ்வளவு காலம் ஆசைப்பட்டேன். இனிமே முடியாது. ஓசெல்லான்னு நல்லாச் சத்தமாப் பாடுங்க."

ஆல்பம் வெளிவந்தது. ரெக்ஸ் ஹாலோவேயின் ஆழ்ந்த இசைப் புரிதலைப் பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாகப் பாராட்டினார்கள். அமைதியைக் கையாண்ட விதம் அபாரம் என்று ஒருத்தர் எழுதினார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒரு காலைப்பொழுதில் போய், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அந்த இரும்புத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு ஒரு கயிறு கட்டினார்கள். ஆரம்பத்திலிருந்தே கயிறுதான் இருந்தது என்று இப்போது வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். பாஸ்டர் பேய்ப் பாட்டில் வாய் கொடுத்ததற்காக ஓசெல்லாவை இரண்டு ஞாயிறு பின்வரிசையில் உட்காரச் சொன்னார். முன்வரிசையில் குரல் கொடுக்க ஆளில்லாமல் அவருடைய பிரசங்கம் தள்ளாடவே, தண்டனையைப் பாதியில் ரத்து செய்தார். 

மீன் ஆலைப் பெண்கள் இப்போதும் அந்த மெட்டை முனகுகிறார்கள். ஒருத்தி டீக்கன் வரியைப் பாடினால், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து, தாழ்ப்பாளே கிடையாது லூசியஸ், என்று கத்தியால் மேஜையைத் தட்டுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று வெர்டீ மேவுக்குக் கவலை வந்துவிட்டது.

"ஏன்டி ஓசெல்லா, அந்தப் பேரை எடுத்திருக்கலாம்ல. நாளைக்கு உன் அடக்கத்துல உன் பேரை வாசிச்சா இன்னும் அதிகமாச் சிரிக்கப் போறாங்களேடி."

ஓசெல்லா தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கட்டும்டி," என்றாள். "இனிமே அவனைப் பாத்துத்தானே சிரிப்பாங்க."